முழங்காலளவுக் கண்ணாடி

"தங்கச்சி, முழங்கால் மட்டும் வாற மேஸ் இருக்கோ?"
என்று கேட்டு வந்தவர்
அபர்டீனில் பஸ் ஓட்டுகிறவர்.
பெட்டி கட்டுநாயக்காவோடு நின்றுவிட்டது.
கையோடு வந்தது கில்ட் மட்டும்.
நாளை பின்னேரம் மருமகளின் வரவேற்பு,
திருநெல்வேலியில், ஏசி மண்டபம்.

மேசையில் விரித்தார்.
"மடிப்புப் பாவாடை" என்றான் ரஜீவன், மெதுவாக அல்ல.
"இருவத்திரண்டு வருசம் தம்பி,
அந்தக் குளிருக்கை பஸ் ஓடியிருக்கிறன்.
இதைக் கட்ட ஒருத்தரும் என்னட்ட லைசன்ஸ் கேக்கேல்லை."
சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நான் துணியைப் பார்த்தேன்.
கரும்பச்சைக் கட்டம், கருநீலக் கட்டம்,
இரண்டுக்கும் நடுவே
தேடினால் மட்டும் அகப்படுகிற
கடுகுமஞ்சள் இழை.

வெள்ளை எடுத்துக் கொடுத்தேன்.
இல்ல விளையாட்டுப் போட்டியின் அணிநடை போலிருந்தது.
கறுப்பில் கால் காணாமல் போனது.
"பச்சைக்குப் பச்சை?" என்றார்.
கூடாது என்றேன்.
சேலையின் உடல் நிறத்தில் சட்டைத்துணி எடுப்பவள்
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டவள்.
கரையைப் பார்த்து எடுப்பவள் கெட்டிக்காரி.
ஓடுகிற ஒற்றை இழையைப் பார்த்து எடுப்பவளுக்குத்தான்
வழியில் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

மேல்தட்டில் கிடந்தது,
குருநகர்ப் பொடியள் சொல்லிவிட்டு எடுக்காத
உதைபந்தாட்ட மேஸ். கடுகுமஞ்சள்.
ஒரு சோடிதான் மிச்சம்.
கெண்டைக்கால் அளந்தேன்:
வலது பதினைந்து அங்குலம்,
இடது பதினைந்தரை.
"கிளச்சுக் கால்" என்றார்,
பிள்ளையின் ரிப்போட்டைக் காட்டுகிறவர் மாதிரி.

வழுகாமல் கட்ட
எதிர்க் கடையில் இரண்டு முழம் கறுப்பு ரிபன்,
பள்ளிப் பிள்ளைகள் சடைக்குக் கட்டுவது.

சப்பாத்தில்தான் இழுபறி.
அவருக்கு மண்ணிறம் பிடித்துவிட்டது.
முதலாளி குகதாசனுக்கும் பிடித்துவிட்டது,
அது விலை கூட.
"பெல்ட் கறுப்பு, பக்கிள் வெள்ளி,
மண்ணிறம் பகலுக்கு, உங்களுக்கு விழா இரவில்" என்றேன்.
முதலாளி என்னைப் பார்த்த பார்வையில்
இந்த மாதச் சம்பளத்தில் கொஞ்சம் கழிந்தது.
கறுப்பில் பதினோராம் நம்பர்
வங்கி முகாமையாளர் ஒருவர் கடித்ததென்று திருப்பித் தந்த சோடி.
இவரைக் கடிக்கவில்லை.

"மணவறைக்கு ஏறேக்க கழட்டோணும், என்ன?"
அதை நாங்கள் யோசித்திருக்கவில்லை.
"ஓம்" என்றேன்.
"அப்ப மேஸ் தனிய நிண்டு பதில் சொல்லோணும்."
"சொல்லும்."

உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்தார்.
சப்பாத்துக்கடைக் கண்ணாடி
நிலத்திலிருந்து முழங்கால் வரைதான்.
அதற்குள்ளே
கறுப்பு, கடுகுமஞ்சள், ரிபன் முடிச்சு,
மேலே ஒரு சாண் கட்டத்துணி.
அதில் நின்றது யாருடைய கால் என்று
அபர்டீனாலும் சொல்ல முடியாது, கோப்பாயாலும் சொல்ல முடியாது.
மஞ்சள் இழை மட்டும்
மேலிருந்து கீழே பார்த்துத் தன் ஆளை அடையாளம் கண்டது.

ரஜீவன் கிட்ட வந்தான்.
"எனக்கும் ஒரு சோடி வருமோ?"
"சோடி முடிஞ்சுது."

மூன்றாம் நாள் வட்ஸப்பில் படம்:
கமலேந்திரன், பக்கத்தில் மாப்பிள்ளை, பொம்பிளை,
யாரோ ஒரு பெரியம்மாவின் பாதி முகம்.
எல்லாரும் இடுப்புக்கு மேலே.
படம் பிடித்தவனைத் திட்டிக்கொண்டு
"கால் எங்கை?" என்று எழுதினேன்.

நெடுநேரம் கழித்து இன்னொன்று வந்தது.
கோப்பாயில் ஒரு கொடிக்கயிறு.
இரண்டு கடுகுமஞ்சள் மேஸ்,
சொட்டுச் சொட்டாய் வடிந்தபடி.
ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் அகலமாய்.